பெண்கள் பெட்டி

காலையிலிருந்து ஷஹாத்தாவுக்கு ஒரு வாய் ரொட்டி உள்ளே இறங்கவில்லை. அலெக்ஸாண்ட்ரியா டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், இந்த வயதில் மாப்பிள்ளைக் கோலம்! மாடி வீட்டு இன்ஸாஃப் டீச்சரும் தனிக்கட்டைதான். "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று போன வாரம் ஒருவழியாகக் கேட்டுவிட்டார்.

"வெள்ளிக்கிழமை டிராம் மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. பதிலை அங்க சொல்றேன்" என்றார் டீச்சர்.

பழைய டிப்போதான் இப்போது மியூசியம். டீச்சர் வேறெதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே நீல டிராமின் முன்பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வறுத்த தர்பூசணி விதையைக் கொறிக்க ஆரம்பித்தார்.

"ஏறி வாங்க. பக்கத்துல உக்காந்தாத்தான் பதில்."

ஷஹாத்தாவின் கால் படியிலேயே நின்றுவிட்டது. முன்பெட்டி பெண்களுக்கு, பின்பெட்டி எல்லாருக்கும். அந்த முன்பெட்டியில் ஏறிய ஆண்களை விரட்டியே தலை நரைத்தவர் அவர். "என் பொண்டாட்டி உள்ள இருக்கா சார்" என்று எத்தனை பேர் கெஞ்சியிருப்பார்கள்! சொந்த மச்சானையே சிதி காபர் நிறுத்தத்தில் சட்டையைப் பிடித்து இறக்கிய மகராசன். எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "வீட்டுக்காரரா இருந்தாலும் இறங்கணும்!"

"இது பெண்கள் பெட்டிங்க" என்றார் இப்போது, பரிதாபமாக.

"வண்டியே ஓடல இன்ஸ்பெக்டர். யாருக்குப் பயப்படுறீங்க?"

"சட்டம்னா சட்டம்தானே."

"அப்ப சட்டத்தையே கட்டிக்குங்க. நல்லா சமைச்சுப் போடும்."

டீச்சர் விதைப் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். இப்படியே எழுந்து போய்விட்டால்? மறுபடியும் அந்த நாலு சுவரும் ரேடியோவும்தான். அதை நினைக்கவே ஷஹாத்தாவுக்குப் பயமாக இருந்தது. திருடனைப்போல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறி, இருக்கையின் நுனியில் ஒட்டிக்கொண்டார்.

நேரம் பார்த்தா வரவேண்டும்! மறுவாசல் வழியாக ஒரு பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டம் திமுதிமுவென்று ஏறியது.

"ஐயையோ, பொம்பளைங்க பெட்டியில ஆம்பளை!" என்றாள் முன்னால் வந்தவள். "தாத்தா, போர்டு கண்ணுக்குத் தெரியலயா?"

ஷஹாத்தாவின் காது மடல் சிவந்தது. கூட வந்த ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்ககூட வந்தவராம்மா?" என்று டீச்சரிடம் கேட்டார்.

இன்ஸாஃப் டீச்சர் வாயிலிருந்த விதைத்தோலை நிதானமாகக் கைக்குட்டையில் எடுத்து வைத்தார்.

"ஆமா. என் வீட்டுக்காரர்."

"வீட்டுக்காரரா இருந்தாலும் இறங்கணும்!"

அதட்டியது ஷஹாத்தாவேதான். யோசிப்பதற்குள் பழைய குரல் பாய்ந்து வந்துவிட்டது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் சொன்னது அப்புறம்தான் அவர் மண்டையில் ஏறியது.

"இப்ப... என்ன சொன்னீங்க?" என்றார்.

"இறங்கச் சொன்னது நீங்கதானே? இறங்குங்க" என்று டீச்சரும் எழுந்தார். "பின்பெட்டிக்குப் போவோம். அங்க ரெண்டு பேரும் உக்காரலாம்."