கையூன்றாமல்

சர்க்கரை போட்ட டீயை வலியுல்லா திருப்பிக் கொடுத்தார்.

"இன்னிக்கு ஒரு நாளாவது குடி மச்சான்," என்றார் சிக்கந்தர் மாமா. "யாரு கேக்கப்போறா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் தானே குடித்துவிட்டார்.

உள்ளறையில் மாமாவின் அக்காவும் வலியுல்லாவின் மனைவியுமான நஸ்ருன்னிசாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அதிகாலைத் தொழுகை முடித்துப் பாயைச் சுருட்டும்போது தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மாலைத் தொழுகைக்கு முன் அடக்கம்.

மாமா மெல்ல அவள் மகன் சஃப்வான் பக்கம் நகர்ந்தார். "உங்கம்மா மாதிரி உடம்பைப் பாத்துக்கினவங்க இந்த மயிலாப்பூர்ல யாருடா கீறாங்க? டெய்லி பார்க்ல நடந்துச்சு. கல்யாண வீட்ல பிரியாணியைத் தள்ளி வச்சிட்டு வெள்ளரிக்காய் தின்னுச்சு. இன்னா ஆச்சு? நானு நல்லி எலும்பு கடிச்சினு நல்லாத்தான் கீறேன்."

காலையிலிருந்து சஃப்வான் மனதில் ஓடியதும் அதுதான். அம்மாவுக்கு பிரியாணி பிடிக்காமல் இல்லை. தட்டை முகத்தருகே கொண்டுபோய், "மூக்கால சாப்ட்டாச்சு" என்று சிரித்துவிட்டு நகர்த்தி வைப்பாள். மழை நாளில் பூங்காவுக்குப் போக முடியாவிட்டால் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடப்பாள். ஷூ மாட்டிக்கொண்டு தினமும் இவன் அறைக் கதவைத் தட்டுவாள்.

"வர்றியாடா?"

"தரமணி பஸ் வந்துடும்மா."

பஸ் வர இன்னும் நேரமிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளும் தட்டுவாள். கோபமே வந்ததில்லை. இத்தனையும் எதற்கு என்றுதான் இப்போது தோன்றியது.

அத்தா வலியுல்லா ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தவர், குனியவே பயந்தார். தொழுவதுகூட நாற்காலியில்தான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த அம்மா, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்து, அந்த நாற்காலியை மாடிவீட்டு முத்துலட்சுமியிடம் கொடுத்துவிட்டாள்.

"தரையில உக்காருங்க. இப்ப எழுந்திரிங்க, கையை ஊனாம."

"உயிரை வாங்காதே நிசா."

"ஜன்னல் கம்பி இன்னா உங்க சொந்தக்காரனா? விடுங்க அதை."

அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுவாள். அவள் முட்டியும் சத்தம் போடும். முதலில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தவர், அப்புறம் ஒரு கை, அப்புறம் ஒரு விரல். விரலை எடுத்த நாளில் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

உள்ளறையிலிருந்து தங்கை மஹ்விஷ் ஈரக்கையோடு வந்தாள். "அம்மா கால் எவ்ளோ கெட்டியா இருக்குன்னு குளிப்பாட்ட வந்தவங்க சொல்றாங்கண்ணா," என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

கபரஸ்தானில் குழி மார்பளவுக்கு வெட்டியிருந்தது. மய்யித்தை வாங்கிப் படுக்கவைக்க உள்ளே இரண்டு பேர் வேண்டும். மகன் என்பதால் சஃப்வான் முதலில் இறங்கினான். இறங்கியதற்கே மூச்சு வாங்கியது. மாமா சட்டைக் கையை மடித்தபோது, அத்தா அவரை மெல்ல விலக்கினார்.

"நான் எறங்குறேன்."

"மச்சான், நெஞ்சுல ஸ்டென்ட் வச்சினு இன்னா பேச்சு பேசறே? உள்ள போய் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா?"

"வேணாம் அத்தா," என்றான் சஃப்வான். ஒரே நாளில் இரண்டு பேரையும் பறிகொடுக்க அவனால் முடியாது.

எல்லோரும் பள்ளிவாசல் அஸ்ரத்தைப் பார்த்தார்கள். "புருஷனுக்குத்தான் முதல் உரிமை," என்றார் அவர். "உடம்பு தாங்குமான்னு அவர்தான் சொல்லணும்."

"தாங்கும்," என்றார் அத்தா.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு விளிம்பில் குந்தி, மண் சரியாமல் உள்ளே இறங்கினார். மேலேயிருந்து அம்மாவை நீட்டினார்கள். தலைப்பக்கத்தை அவர் வாங்கினார், கால்பக்கத்தை இவன். சஃப்வான் முதுகை வளைத்துத் தடுமாறினான். அத்தா முதுகை வளைக்காமல், பாரம் முழுவதையும் தொடைகளில் வாங்கிக்கொண்டு, மெதுமெதுவாகக் குந்தினார். தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல அவளைக் கிடத்தி, தொழும் திசையான கிப்லா பக்கம் திருப்பி, கஃபன் துணியின் தலைமுடிச்சை அவிழ்த்தார்.

பிறகு அப்படியே இருந்தார்.

சஃப்வான் அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருந்தான். தோள் ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. மாமா மண்டியிட்டுக் கையை நீட்டினார்.

"பிடி மச்சான். பிடிச்சு எழுந்திரு."

அத்தா அந்தக் கையைப் பார்க்கவில்லை. இரண்டு கைகளும் மடியில் கிடக்க, எழுந்து நின்றார். விளிம்பில் உள்ளங்கைகளைப் பதித்து, ஒரு மூச்சில் மேலே ஏறிவிட்டார்.

யாரோ "மாஷா அல்லாஹ்" என்று முணுமுணுத்தார்கள்.

சஃப்வான் ஏறப் பார்த்தான். மண் சரிந்தது. மறுபடி எக்கினான், வயிறு விளிம்பில் இடித்து நின்றது. கால் வைக்கப் பிடிமானம் கிடைக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

தலைக்கு மேல் நிழல் விழுந்தது. அத்தா விளிம்பில் குந்தி, கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"வாடா."

சஃப்வான் பிடித்தான். அவன் கண்ணுக்கு முன்னால் அவருடைய வெறுங்கால்கள் ஈரமணலில் அழுந்தி நின்றன. அவன் பாரம் முழுவதும் ஏறிய பிறகும் அவை வழுக்கவில்லை.