மாப்பிள்ளையின் இடது கன்னம்

படம் எடுக்கிற பிரதீபன் தன் பேஸ்புக் பக்கத்தில் தன்னைப் பற்றி எழுதியிருந்ததை நான் ஒரு சொல் விடாமல் வாசித்தேன். திருமணம், சாமத்திய வீடு, பிறந்தநாள், பச்சைக் குழந்தை, பிள்ளைத்தாய்ச்சி, சாப்பாடு, கட்டடம், ட்ரோன் எல்லாவற்றிலும் விசேட தேர்ச்சியாம். ஒரு வைத்தியர் கண், பல், இருதயம், முழங்கால் எல்லாம் நானே பார்ப்பேன் என்று பலகை மாட்டினால் நாங்கள் அந்தப் படலையைத் திறக்கவும் மாட்டோம். படம் எடுக்கிறவன் மாட்டினால் வாயைப் பிளந்துகொண்டு நிற்போம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நின்றார்கள்.

என் தங்கை நிதர்சனாவின் கல்யாணத்துக்குத்தான் அவனைப் பிடித்தோம். நாங்கள் முல்லைத்தீவுக் கரையோரம். அப்பா மரியநாயகம் இன்னும் கடலுக்குப் போகிறார். நான் கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில் வேலை செய்கிறேன். மாப்பிள்ளை டிலக்ஸன் கனடா. இரண்டு கிழமை லீவில் வந்து, மாதா கோயிலில் தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போக வேண்டியவர். நிதர்சனா அவரிடம் போய்ச் சேருவதென்றால் விசா வேண்டும். விசா வேண்டுமென்றால், இது விசாவுக்காகச் செய்த பொய்க் கல்யாணம் இல்லை, உண்மையான கல்யாணம் என்று யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி நம்ப வேண்டும். அவர் நம்புவதற்கு எங்களிடம் இருக்கப்போவது படங்கள்தான்.

இதைக் கிளிநொச்சியில் விசாப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற தயாளினி எங்களுக்குப் பச்சைத் தமிழில் சொன்னாள். படம் எடுக்கிறவர்களில் பல வகை உண்டு, எல்லாரும் எல்லாம் செய்வதில்லை, அல்பம் செய்கிறவனுக்கு வடிவுதான் வேலை, உங்களுக்கு வடிவு தேவையில்லை என்றாள். "நிகழ்வு எடுக்கிற ஆளைப் பிடியுங்கோ. நடக்கிறதை நடக்கிற மாதிரியே எடுப்பினம்" என்று சொல்லி, அக்கராயனில் இருக்கும் ஒருவருடைய இலக்கத்தையும் எழுதித் தந்தாள்.

அக்கராயன்காரர் தன் படங்களை அனுப்பினார். சேற்றில் நிற்கும் விவசாயிகள். முன்பல் இரண்டு இல்லாமல் சிரிக்கும் ஒரு பெண். வாய்க்கால் கட்டும் ஆட்கள். நல்ல படங்கள்தான், இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அம்மா போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது நிவாரணத்துக்கு எடுத்த படம் மாதிரிக் கிடக்கு என்றா. எல்லாரும் சிரித்தோம். முதலில் சிரித்தவள் நான்.

ஆகவே பிரதீபன் வந்தான், மூன்று ஆட்களோடும் எட்டுப் பைகளோடும். வெளிச்சத்துக்குக் குடை, பலகை, ஏணி எல்லாம் வந்தன. கோயிலுக்குள் கல்யாணம் நடந்ததை நான் அவனுடைய முதுகுக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தேன். மோதிரம் மாட்டியபோது வெளிச்சம் சரியில்லையாம், திரும்பவும் மாட்டச் சொன்னான். தாலி கட்டியதும், சுவாமி இன்னொருக்கா ஆசீர்வதித்தால் நல்லது என்றான். சுவாமியும் தலையாட்டி இன்னொருக்கா ஆசீர்வதித்தார். கர்த்தர் ஒரு தடவை கேட்டால் போதும், கமராவுக்கு இரண்டு தடவை வேண்டியிருந்தது. தன் படத்துக்குள் கண்டவர்களின் போன் எல்லாம் வருகிறது, ஒருவரும் போனைத் தூக்கக்கூடாது என்று சட்டம் போட்டான். சனமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிப் போனைச் சட்டைப்பைக்குள் வைத்தது. கடற்கரையில் ட்ரோனை விட்டபோது காயவைத்த கருவாட்டில் இருந்த காகமெல்லாம் எழும்பியது. அதைப் பார்த்துக் கைதட்டினார்கள். காகத்துக்குக் கைதட்டிய ஊர் எங்களுடையது.

டிலக்ஸனின் இடது கன்னத்தில் காதடியில் இருந்து தாடை வரை ஒரு தழும்பு உண்டு. யுத்தத்தின் கடைசி மாதங்களில், அவருக்குப் பதினாலு வயதில், செல்குண்டுத் துண்டு கிழித்தது. எங்கள் பக்கத்தில் இப்படி ஏதாவது ஒன்று இல்லாத வீடு குறைவு. ஆனாலும் அது முகத்தில் இருந்தது. கை காலில் இருந்தால் சட்டை மறைக்கும்.

இரண்டு மாதம் கழித்து அல்பம் வந்தது. அம்மியளவு கனம். திறந்தால், எங்கள் மீன்வாடி இல்லை, வள்ளம் இல்லை, வலை இல்லை. பளையைத் தாண்டி அங்கால் போகாத என் தங்கை பனிமலையில் நின்றாள். அடுத்த பக்கத்தில் ஏதோ ஒரு அரண்மனைப் படிக்கட்டில் இறங்கினாள். குடும்பப் படத்தில் பெரியப்பா இல்லை. அவர் கொட்டாவி விட்டாராம், அழித்துவிட்டான். சித்தியின் சேலை நிறம் பொருந்தவில்லையாம், சித்தியும் போய்விட்டா. மாப்பிள்ளையின் கன்னம் அறுபது பக்கத்திலும் உரித்த முட்டை மாதிரி இருந்தது. அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் தடவித் தடவிப் பார்த்தா. வந்தவர் போனவர் எல்லாம் வடிவு, வடிவு என்றார்கள். வீடியோ அழைப்பில் காட்டியபோது டிலக்ஸன், இது ஆர் என்று கேட்டார். பகிடிக்குக் கேட்கிறார் என்று நாங்கள் சிரித்தோம். விசாவுக்கும் அந்தப் படங்களையே அனுப்பினோம். இவ்வளவு வடிவான படம் கிடக்க வேறென்னத்தை அனுப்புவது?

எட்டு மாதம் கழித்து விசா அலுவலகத்தின் கடிதம் வந்தது. நிதர்சனா கதிரையில் இருந்து, சொல்லுச் சொல்லாக வாசித்தாள். விண்ணப்பதாரி நாட்டை விட்டு வெளியே போனதில்லை என்று எழுதியிருக்கிறார், படத்தில் பனிக்குள் நிற்கிறார். குடும்பத்தவர் பலர் கலந்துகொண்டதாக எழுதியிருக்கிறார், படத்தில் அவர்களைக் காணவில்லை. கடவுச்சீட்டில் கணவரின் முகத்தில் பெரிய தழும்பு இருக்கிறது, கல்யாணப் படத்தில் நிற்பவருக்கு அது இல்லை. இவர் யார்? அறுபது நாளுக்குள் திருப்தியான விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அவள் அழவில்லை. கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். அவள் அழுதிருந்தால் எனக்குப் பரவாயில்லை என்றிருக்கும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த நாள் விடிய முதல் பஸ்ஸில் அவளையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். பஸ் முழுக்க அவனுக்குச் சொல்ல வேண்டியதை வரிசையாக அடுக்கிக்கொண்டு போனேன். நெளுக்குளத்தில், ஒரு வீட்டின் முன்னறைதான் அவனுடைய ஸ்ரூடியோ. சுவரில் எங்கள் நிதர்சனாவும் பனிமலையோடு தொங்கினாள். அதைக் கண்டதும் நான் அடுக்கி வைத்ததெல்லாம் கலைந்து, வாயில் வந்தபடி பேசினேன். படம் எடுக்கத் தெரியாதவனுக்கு எதற்குக் கமரா என்றேன். உயிரோடு இருக்கும் பெரியப்பாவை அழிக்க நீ யார் என்றேன். ஒரு மனுசனின் முகத்தில் கை வைக்க உனக்கு யார் உரிமை தந்தது என்றும் கேட்டேன். பக்கத்துக் கடைக்காரர் வாசலுக்கு வந்து பார்த்தார்.

பிரதீபன் திருப்பிச் சத்தம் போடவில்லை. கதிரைகளை இழுத்துப் போட்டான். மாற்றம் செய்யாத முதல் படங்களை மூன்று மாதத்தில் அழித்துவிடுவானாம், அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டுமாம். விசாவுக்கு என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால் வேலையைத் தான் எடுத்திருக்க மாட்டானாம்.

"நான் அல்பம் செய்யிற ஆள் அக்கா. சனம் தங்களை எப்பிடிப் பாக்க விரும்புதோ அப்பிடிச் செய்து குடுப்பன். பனிமலை என்ர வேலை, பெரியப்பாவும் என்ர பிழை, அதுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாறன். ஆனா முகத்தில நானா கை வைக்கேல்லை."

பிறகு போனை எடுத்து வெகு நேரம் தட்டித் தட்டிப் பின்னால் போனான். ஒரு குரல் பதிவை அழுத்தி மேசையில் வைத்தான். என் குரல் வந்தது.

"தம்பி, நான் பொம்பிளையின்ர அக்கா கதைக்கிறன். மாப்பிள்ளையின்ர இடது கன்னத்தில கிடக்கிற தழும்பை எல்லாப் படத்திலயும் எடுத்துவிடுங்கோ. ஒண்டிலயும் தெரியக்கூடாது. நாளைக்குச் சனம் அல்பத்தைப் பிரட்டேக்க, இப்பிடி ஒருத்தனுக்கே பிள்ளையைக் குடுத்ததுகள் எண்டு கதைக்கக்கூடாது. வீட்டில ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம்."

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் கந்தோரில் இருந்து அனுப்பியது. பின்னால் தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சத்தமும் கேட்டது. அதை அனுப்பியதே எனக்கு நினைவில்லை. அவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருந்தேன். மற்றவர்கள் செய்த பிழையெல்லாம் எனக்குத் திகதியோடு நினைவிருக்கும்.

நிதர்சனா அதை இன்னொருக்கா போடச் சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான். அவள் தானே கை நீட்டி அழுத்தினாள். முழுவதையும் கேட்டாள். எனக்கு அந்த அறையில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

"முதல் நாள் வீடியோவில கதைக்கேக்க அவர் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டினவர்" என்றாள். "முதல் இதைப் பாரும், பிறகு கதைப்பம் எண்டவர். அதுக்குத்தானக்கா நான் ஓமெண்டனான்."

திரும்பும் பஸ்ஸில் அவள் முன் சீற்றில் போய் இருந்தாள். எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. தயாளினிக்கு அவளே அழைத்துப் பேசினாள். படங்களை மாற்றியது யார், ஏன் என்று உண்மையை எழுதினால் கேட்பார்கள், மாற்றியவனும் எழுத வேண்டும், மாற்றச் சொன்னவரும் தன் கையால் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும், அதை மொழிபெயர்த்து அனுப்பலாம் என்றாளாம் தயாளினி. பின்னால் இருந்து எல்லாம் கேட்டேன்.

அன்று பின்னேரம் நிதர்சனா வெள்ளைத் தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்துவிட்டு எதிரே இருந்தாள். குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. அவவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. சங்கத்தில் ஊராருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிறவள் நான். என் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் எழுதினேன். மணமகனின் முகத்தில் இருந்த தழும்பை அகற்றும்படி படப்பிடிப்பாளரிடம் கேட்டுக்கொண்டது நான்தான் என்று எழுதினேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில், படம் அழகாக அமைய வேண்டும் என்பதற்காக என்று எழுதி, தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் வாசித்தாள். பேனையை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் வெட்டினாள்.

"வடிவுக்கெண்டு எழுதாத. வெக்கமா இருந்ததெண்டு எழுது."

அம்மா கேட்டுவிடுவா என்று மெல்லச் சொன்னேன். கேட்கட்டும் என்றாள். புதுத் தாள் ஒன்று எடுத்து வைத்தாள். என் தங்கையின் கணவரைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.