சாரல் லோடு

மலையேறுகிற கூட்ஸ் வண்டிக்கு முன்னால் ஒரு எஞ்சின் இழுக்கும், பின்னால் ஒரு எஞ்சின் தள்ளும். இரண்டும் சேர்ந்து முக்கினாலும் தண்டவாளம் நனைந்திருந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்குத்தான் மணல். எஞ்சினிலிருந்து குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் அது சொரிய வேண்டும். மணலில் துளி ஈரம் இருந்தாலும் குழாய் அடைத்துக்கொள்ளும். அதனால் மலையடிவாரத்து எஞ்சின் ஷெட்டில், மணலைச் சலித்து இரும்புத் தட்டில் கொட்டிக் கடலை வறுப்பதுபோல வறுத்துக் கொடுக்க ஒருத்தி இருந்தாள். வடிவம்மாள் என்று பெயர், தென்காசிக்காரி. பதினோரு வருஷத்தில் அவள் மணல் ஒரு நாளும் குழாயில் நின்றதில்லை. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

குற்றாலத்தில் சீசன் என்றால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம், ஷெட்டுக்கு மட்டும் திண்டாட்டம். சாரல் விழுகிற நாளில் இரண்டு பெட்டியைக் கழற்றிவிட்டு மீதியைத்தான் மலையேற்ற வேண்டும் என்பது சட்டம். சாரல் லோடு என்பார்கள். இன்றைக்குச் சாரலா இல்லையா என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதுகிறவர் போர்மேன் சுந்தரபாண்டியன். பெய்வது வானத்தின் இஷ்டம், எழுதுவது அவர் இஷ்டம். அப்போது யுத்த காலம். மலைக்கு அந்தப் பக்கம் அரிசி போயாக வேண்டும் என்று மேலேயிருந்து நெருக்குதல் வேறு. ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புளியறைக்கு மேலே மலையே தெரியாமல் சாரல் மூடிக் கிடந்தது. மனுஷன் கூசாமல் ‘சாரல் இல்லை’ என்று எழுதி முழு லோடையும் அனுப்பிவிட்டார்.

ஏற்றத்தில் பாதி போன வண்டி வழுக்கிப் பின்னால் வந்தது. பெட்டிக்குப் பெட்டி தாவிக் கைப்பிரேக்கை இறுக்குவது மசூது என்பவனின் வேலை. மூன்று பெட்டியை இறுக்கிவிட்டான். நாலாவதை இறுக்கும்போது அது கவிழ்ந்து அவனை அடியில் போட்டுக்கொண்டது. பின் எஞ்சினில் கரி போட்டுக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டி அதைக் கண்ணால் பார்த்தான். அவன் வடிவம்மாளின் புருஷன்.

மசூதின் பெண்டாட்டி ஹைருன் பீவிக்கு அடுத்த வீடு. புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இத்தா இருக்க வேண்டும் அவர்களுக்கு. விசாரணைக்கு வடிவம்மாளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அவளை வீட்டுக்கு வரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு வாசப்படி தாண்ட ஏலாதுக்கா. நீங்க தொரை முன்னால போறீங்க. அன்னைக்குச் சாரல் விழுந்துச்சுன்னு மட்டும் சொல்லிருங்க. அவரு பேரு கெட்டுறக் கூடாது.”

“சொல்லாம என்னட்டி? நானும் நனைஞ்சுக்கிட்டுத்தான வேலைக்கு வந்தேன்” என்றாள் வடிவம்மாள். மனசாரத்தான் சொன்னாள்.

விசாரணை நாளன்று காலையில் சங்கிலிப்பாண்டி சோற்றில் கை வைக்கவில்லை.

“ஏட்டி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. போர்மேன் என்னையக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. சாரல்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா நாளையிலேருந்து நான் எஞ்சின்ல கால் வைக்க முடியாது.”

“மசூது உங்க கூட்டாளிலா?”

“கூட்டாளிதான். செத்துட்டாம்லா. நாம இருக்கணும்லா.”

விசாரணை நடந்தது ஷெட்டில் இல்லை, குற்றாலத்து பங்களாவில். ரயில்வேயின் பெரிய துரை சீசனுக்குக் குளிக்க வந்திருந்தார். அருவியிலிருந்து நேரே வந்து, தலை ஈரம் காயாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். வராந்தாவில் சாரல் அடித்தது. குமாஸ்தா காகிதத்தைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தார். சாரலுக்காகவே ஊர் தாண்டி வந்த துரை, ‘சாரல் இல்லை’ என்ற பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுத் தலையாட்டினார்.

“மணல்ல ஈரம் இருந்திருக்கும்ங்க” என்றார் சுந்தரபாண்டியன், அவளைப் பார்க்காமல்.

குமாஸ்தா அவள் பக்கம் திரும்பினார். “என்னம்மா, மணல் ஈரமா?”

அவ்வளவுதான், அவளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“ஈரமா? எம் மணல்லயா? ஊதுனாப் பறக்கும் தொரை! பதினோரு வருசத்துல ஒரு டிரைவர் குத்தம் சொல்லிருப்பானா? கேட்டுப் பாருங்க!”

துரை சிரித்துவிட்டார். குமாஸ்தா எழுதி, மையைத் தடவிக் கைநாட்டு வாங்கிக்கொண்டு, போகலாம் என்றார். அவள் ஒரு நிமிஷம் நின்றாள். சாரலைச் சொல்ல வாயெடுத்தாள். போர்மேனின் பார்வை தூணோரம் நின்ற சங்கிலிப்பாண்டி மேல் போனது. அவள் படியிறங்கிவிட்டாள். வழியெல்லாம், நான் ஒரு பொய்யும் சொல்லலையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தாள். அது நிஜம்தான். பொய் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கேடு வந்திருக்காது.

எட்டு நாளில் முடிவை எழுதி ஷெட் சுவரில் ஒட்டினார்கள். அன்றைக்குச் சாரல் இல்லை, மணலும் காய்ந்த மணல். ஆகவே பிரேக்கை நேரத்தில் இறுக்காத மசூதே காரணம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். சங்கிலிப்பாண்டியின் வேலை தப்பியது. அன்று அவன் வயிறாரச் சாப்பிட்டான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது, அவன் மேலும் தன் மேலும்.

சாயங்காலம் மனசு கேளாமல் அடுத்த வீட்டுக்குப் போனாள். ஹைருன் பீவி அழவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவரு தூங்கிட்டாருன்னு ஊரெல்லாம் பேச்சாம். எங்க அண்ணன் வந்து சொன்னாரு” என்றாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். “சாரல்னு நீங்க சொல்லலையாக்கா?”

“மணலப் பத்தித்தான்ட்டி கேட்டாங்க. அத அவங்க கேக்கவே இல்ல.”

ஹைருன் பீவி முறத்தைக் கீழே வைத்தாள்.

“அவங்க கேக்கலன்னா என்னக்கா? நான் கேட்டேன்லா?”