ஏழரை இசைத்தட்டின் இரண்டாம் பக்கம்

சுண்டுவிரல் கட்டையிலேயே இருக்கிறது, எடுத்தால் சத்தம் நின்றுவிடும், சத்தம் நின்றால் இரும்பு நாற்காலிகள் மடங்கும் ஓசை மட்டும்தான் மிஞ்சும், அதனால் ஆர்கனின் அந்த ஒற்றைச் சுரத்தை அழுத்திப் பிடித்தபடி நிற்கிறேன், வியர்வை மூக்கு நுனிவரை வந்து விழலாமா என்று யோசிக்கிறது, தெரிந்ததையெல்லாம் வாசித்து முடித்தாயிற்று, இன்னும் எட்டு நிமிடம் பாக்கி, இது கனவா இசைத்தட்டா என்று இப்போதெல்லாம் எனக்கே பிடிபடுவதில்லை, ஊசியை இரண்டாம் பக்கத்தில் வைத்ததும் சோபாவில் சாய்ந்திருக்கும் நான் என்கிற கிழவன் எழுந்து எங்கோ போய்விடுகிறான், பெல்பாட்டம் போட்ட ஒருவன் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் வந்து நிற்கிறான், இரண்டு பக்கமும் வாழைமரம், நேற்று முகூர்த்தத்துக்குக் கட்டியதை யாரும் அவிழ்க்கவில்லை, மணமேடை இருந்த இடத்தில் பொன்மாரியின் டிரம்ஸ், மாப்பிள்ளை நிற்கும் இடத்தில் கிட்டாருடன் ஜெயசீலன், அப்படிப் பார்த்தால் நான் நிற்பது நாதஸ்வரக்காரரின் இடம்.

நாங்கள் மூவரும் கடைக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், பொன்மாரி பருப்பு மில், நான் வத்தல் மண்டி, எங்கள் எதிர் மண்டி ரத்தினசாமி அண்ணாச்சியின் மகன் ஜெயசீலன், அப்பாக்கள் இருவரும் முப்பது வருஷமாக ஒரு மூட்டையைக்கூட ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில்லை, பிள்ளைகள் ஒரே குழுவில் வாசித்தோம், குழுவுக்கு ஏழரை என்று பெயர், எங்கள் தாளம் ஏழரை அடியில் சுற்றி வரும் என்பது வெளியில் சொன்ன காரணம், எங்களைப் பெற்றவர்களுக்கு நடந்துகொண்டிருந்தது எது என்பது சொல்லாத காரணம். நோட்டீஸில் புரோகிரஸிவ் ராக் என்பதை முற்போக்கு ராக் என்று பொன்மாரி அச்சடித்துவிட்டான், அப்பா அதைக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பார்த்து, கடையடைக்கச் சொல்ற கட்சியாடா என்று கேட்டார், இல்லப்பா, பாட்டு என்றேன், யாரு பாடுறது என்றார், பாடுறது கொஞ்சந்தான், வாசிக்கிறதுதான் நெறைய, ஒரு பாட்டு அரைமணி நேரம் வரும் என்றேன், பாடாத பாட்டுக்கு அரைமணி நேரமா என்று நோட்டீஸை மடித்துக் காது குடையும் அளவுக்குச் சுருட்டிக்கொண்டார்.

பேரம் அன்றே படிந்தது, எங்கள் வீட்டில் தோசைக்கே பேரம் உண்டு, நாலு கேட்டால் அம்மா ரெண்டு என்பாள், மூன்று வந்து சேரும், ஆகவே கடைக்கு வராமல் வாசித்துத் திரிய நான் மூன்று வருஷம் கேட்டேன், அப்பா ஒரே ஒரு கச்சேரி என்றார், அதிலும் ஒரு நாற்காலிகூடக் காலியாகக் கூடாது என்று ஆரம்பித்து, கடைசிவரை பாதிப் பேராவது உட்கார்ந்திருந்தால் உன் வழியில் குறுக்கே வரமாட்டேன், பாதிக்குக் கீழே போனால் திங்கட்கிழமை காலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் என்னோடு உட்காருகிறாய் என்பதில் வந்து நின்றது, சரி என்றேன், சரி என்றார், அம்மா சாட்சிக்குக் காபி கொண்டுவந்தாள்.

அந்தக் கச்சேரியை அப்படியே பதிவுசெய்து லைவ் ஆல்பமாகப் போட பெங்களூரிலிருந்து டெரன்ஸ் வந்திருந்தார், தங்கமான மனிதர், ஆனால் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லுகிற இனம், மத்தியானம் எங்களை உட்காரவைத்து, டேப்பைப் பங்குபோட வேண்டும், அந்த நீளப் பாட்டில் தனியாக வாசிக்க யாருக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டார், ஜெயசீலனுக்குத் தேவை ஐந்து நிமிடம், பதினைந்து என்றான், எனக்கு நாலு, பன்னிரண்டு என்றேன், பொன்மாரி மூன்றை மனதில் வைத்துக்கொண்டு பத்து என்று கூசாமல் சொன்னான், டெரன்ஸ் தலையாட்டினார், சரி, அப்படியே வச்சுக்கலாம் என்றார், டீ குடிக்கப் போய்விட்டார். நாங்கள் மூவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், என்னடா, கொறைக்கவே இல்ல என்றான் பொன்மாரி, அவன் குரலைப் பேய் அறைந்திருந்தது, பின்னாடியே போய், அவ்வளவு வேண்டாம் சார் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் வியாபாரம் தெரியாதவர்கள், யாரும் குறைக்கச் சொல்லாத விலையைத் தானாக இறக்குகிறவன் சரக்கில் சொத்தை இருக்கிறது என்று ஊரைக் கூட்டிச் சொல்கிறவன், மூன்று குடும்பத்து மானம் அதில் இருந்தது, ஆகவே வாசித்தே தீர வேண்டும் என்று ஆயிற்று.

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது, பாதிப்பேர் மண்டிக்காரர்கள், மீதிப்பேர் அவர்கள் வீட்டுக்காரர்கள், அப்பா மூன்றாவது வரிசை ஓரத்தில், அவருக்கு முன்வரிசையில் ரத்தினசாமி அண்ணாச்சி, ஜெயசீலன் பதினைந்தில் ஐந்தாவது நிமிடம்வரை அழகாகத்தான் வாசித்தான், அதற்கப்புறம் அதையே திரும்ப வாசித்தான், கைக்குழந்தைக்காரிகள் எழுந்தார்கள், பிறகு மச்சினன்மார் எழுந்தார்கள், மோர்ப் பந்தல் பக்கம் பேச்சுச் சத்தம் கூடியது, இசைத்தட்டில் இன்றும் கேட்கலாம், கிட்டார் அழுதுகொண்டிருக்க நாற்காலிகள் டமார் டமார் என்று மடங்குகின்றன, ஜப்பானில் எவரோ அதைத் துணிச்சலான தாளப் பரிசோதனை என்று எழுதியிருக்கிறார், நான் மறுக்கவில்லை, என் முறை வரும்போது பாதிக்கு மேல் ஒரு கை விரல் எண்ணிக்கை ஆட்கள்தான் மிச்சம், அப்பா மேடையைப் பார்க்கவே இல்லை, திரும்பித் திரும்பி நாற்காலிகளைத்தான் பார்க்கிறார், முகத்தில் சந்தோஷமும் இல்லை, அதுதான் என்னை என்னவோ செய்தது.

நாலு நிமிடம் முடிந்தது, சுண்டுவிரல் கட்டையில், வியர்வை மூக்கில், தலைக்குள் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லாத தலைக்குள் தினமும் காலையில் எங்கள் மண்டியில் கேட்கிற ஏலக் குரல்தான் இருந்தது, பிறந்ததிலிருந்து அதைக் கேட்டே முழித்தவன், இடதுகை தானாகவே அதை வாசித்தது, ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் நின்று கேள்வியாகப் பார்க்கும் அந்த மெட்டு, பிறகு ஒருதரம் என்று இறங்குவது, ரெண்டுதரம் என்று இன்னும் இறங்குவது, வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் ஆர்கன், யாரோ சிரித்தார்கள், ரத்தினசாமி அண்ணாச்சி, விளையாட்டுக்கோ பழக்கதோஷமோ, உட்கார்ந்தபடியே ஒரு விலை கேட்டார், நான் ஒரு சுரம் ஏற்றினேன், பின்வரிசையிலிருந்து இன்னொருவர் கேட்டார், இன்னொரு சுரம், பொன்மாரி ஒவ்வொரு விலைக்கும் ஒரு அடி வைத்தான், தன் பத்து நிமிடத்தையும் இதிலேயே கரைத்துவிடலாம் என்று அவன் கண் சொன்னது, பிறகுதான் எனக்கு உறைத்தது, எங்கள் ஊர் ஏலத்தில் விலை கேட்டவன் மூணாந்தரம் விழும்வரை இடத்தைவிட்டு எழக்கூடாது, எழுந்தால் பின்வாங்கி என்ற பெயர் பேரன்வரை வரும், ஆக விலை கேட்ட ஒருவரும் எழ முடியாது, நான் மூணாந்தரத்தை வாசிக்காதவரை.

வாசிக்கவில்லை, ஒருதரம், ரெண்டுதரம், அதற்குள் ஒரு விலை, மறுபடி மேலே, ஏழரை அடிக்குள் ஏலம் அத்தனை சுகமாக உட்கார்ந்துகொண்டது, மோர்ப் பந்தலிலிருந்து தம்ளரோடு ஓடிவந்தார்கள், மடக்கிய நாற்காலிகளை விரித்தார்கள், சித்தப்பாமார், கணக்குப்பிள்ளைகள், பொன்மாரியின் ஆத்தா, ஆளுக்கொரு விலை, வெளிநாட்டு ரசிகர்கள் இந்தப் பகுதியைப் பழங்காலக் கோயில் சடங்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், கடைசியில் எல்லாரும் ஓய்ந்து ரத்தினசாமி அண்ணாச்சியின் விலையில் வந்து நிற்கிறது, ஒருதரம், ரெண்டுதரம், டெரன்ஸின் சிவப்பு பல்பு எரிகிறது, நேரம் முடிந்தது, இனி விட்டே ஆக வேண்டும், அப்போது மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து அந்தக் குரல், எதிர் மண்டிக்காரன் ஒரு சரக்கை எடுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத குரல், அப்பா விலை கேட்டார், அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார், சிரித்துவிட்டார், கையை மடக்கினார், நான் பத்து விரலாலும் மூணாந்தரத்தைப் போட்டேன், பொன்மாரி இருந்த தட்டுகளையெல்லாம் அடித்தான், கைதட்டல் அந்தப் பக்கத்தின் கடைசி வளையம்வரை போகிறது, ஊசி அதற்குமேல் போக இடமில்லாமல் சுற்றுகிறது.

மிச்சம் இசைத்தட்டில் இல்லை, டெரன்ஸ் அப்போது ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார், அதனால் ஒவ்வொரு முறையும் அதை நானேதான் ஓடவிட வேண்டியிருக்கிறது, அப்பா மேடைக்கு வருகிறார், ஆர்கனைச் சுற்றி வருகிறார், வத்தலைத் தேய்த்துப் பார்ப்பதுபோல ஒரு கட்டையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்க்கிறார், என்ன சரக்குன்னே கேக்காம வெல கேட்டது என் ஆயுசுல இதுதாய்யா மொத தடவ என்கிறார், திங்கக்கெழமை என்று இழுக்கிறேன், திங்கக்கெழமை எனக்குக் கடை இருக்கு, ஒனக்கென்ன என்கிறார், வேட்டியை மடித்துக் கட்டுகிறார், ஏலத்தில் எடுத்தவன்தான் சரக்கைத் தூக்க வேண்டும், சுமைக்கார ஆட்கள் ஓடிவருகிறார்கள், கையை நீட்டி நிறுத்துகிறார், நீ அந்த மொனையப் புடி என்கிறார் என்னிடம், தூக்குகிறோம், கனம் என்றால் அப்படியொரு கனம், அவர் முதுகுப்பக்கமாக நடக்கிறார், நான் முன்னால் பார்த்து நடக்கிறேன், வாய்க்குள் அந்த மெட்டை முணுமுணுக்கிறார், வாழைமரத்தைத் தாண்டுகிறோம், வாசல் தெரிகிறது, பாத்து வாய்யா, படி இருக்கு என்கிறார் அப்பா, பின்பக்கமாகப் படியிறங்கிக்கொண்டே, கண்ணுக்கு நேராகப் படியைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்னிடம்.