ஒரே பேசன்

காலராக் கூடாரத்தில் டிரிப் ஏற்றுவது நர்சுகள் வேலை. மல வாளியைக் கொட்டுவது, வாந்தியைத் துடைப்பது, உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக வாயில் ஊற்றுவதெல்லாம் உறவுக்காரர் வேலை. எங்கள் சுகாதார நிலையத்தில் நர்சுகள் இரண்டே பேர். அந்த வாரம் நோயாளிகள் முப்பத்தொரு பேர். துணைக்கு வந்த அறுபது பேர் வேலிக்கு வெளியே தகரக் கொட்டகையில் சமைத்துத் தின்று படுத்துக் கிடந்தார்கள். முக்கால்வாசிப் பேர் கரும்புத் தோட்டத்து ஆட்கள். நான் அங்கே துப்புரவுக்காரி. பெயர் எனலெஸி. என் அப்பனும் கரும்பு வெட்டியவன்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் கொட்டகையிலிருந்தே இரண்டு பெண்களைத் தூக்கி வந்தார்கள். ஒருத்தி ஃபலேசி. மகனுக்குத் துணையாக வந்தவள், அவனுக்கு அடுத்த கட்டிலில் கண் குழிந்து கிடந்தாள்.

மருத்துவ உதவியாளர் கம்வெண்டோ என்னைக் கூப்பிட்டார். அவர் சட்டை மாற்றி மூன்று நாள் இருக்கும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். கொட்டகையில இன்னும் ஒருத்தர் விழுந்தாலும் அத்தனை பேரையும் ஊருக்கு அனுப்பிருவேன்."

"அனுப்பிட்டா உள்ள கெடக்கிறவங்களுக்கு யாரு சார் தண்ணி ஊத்துறது? நீங்களா?"

"வந்தவங்களையெல்லாம் நோயாளியாக்கிட்டு இருக்க முடியாது எனலெஸி."

ஊற்ற ஆள் இல்லையென்றால் எத்தனை கட்டில் காலியாகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கொட்டகை வாசலில் குழாய் வைத்த வாளி இருக்கிறது, சோப்பும் இருக்கிறது. கக்கூசுக்குப் போய்வந்தால் அங்கே கழுவுவார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் மாட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து போய்க் கை கழுவுவது மரியாதையில்லை. தண்ணீர்தான் அவனைத் தேடி வரவேண்டும். அகலமான தண்ணீர்ப் பாத்திரம், ஒரே பேசன், சுற்றிவரும். மூத்தவர் முதலில், அப்புறம் மற்ற ஆண்கள், கடைசியில் பெண்கள். எல்லோரும் அதே தண்ணீரில் கை நனைத்துவிட்டு, வட்டம் வட்டமாக உட்கார்ந்து, வட்டத்துக்கு ஒரு தட்டாகச் சோளக்களியைப் பிட்டுத் தின்பார்கள். பேசனை மறுத்தால் 'உன் கை அசிங்கம்' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

அந்த வம்பு வேண்டாமென்று நான்தான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். பேசன் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைக் கலந்துவிட்டேன். மருந்து இருக்கிறதே, எத்தனை கை நனைந்தால் என்ன என்று நினைப்பு. யாரிடமும் கேட்கவில்லை. பவுடர் வாசனை வந்ததால் ஒரு வாரமாக எல்லோரும் நிம்மதியாகத் தின்றார்கள்.

அன்று மத்தியானம் அந்தப் பேசன் பின்னாலேயே நடந்தேன். முதல் வட்டத்தில் வாசனை மூக்கில் ஏறியது. இருபது கை நனைந்ததும் தண்ணீர் கலங்கியது. பெண்கள் பக்கம் வந்தபோது குனிந்து மோந்தேன். மீன் கவிச்சியும் சேறும்தான். அழுக்கு மருந்தைத் தின்றுவிட்டது. காலையில் தூக்கி வந்த இரண்டு பேரும் கடைசி வட்டத்தில் உட்காருகிறவர்கள்.

பேசனைப் பிடுங்கிக் குழியில் கவிழ்த்தேன்.

"ஏய் மதினி! பொம்பளைங்க இன்னும் கழுவலை" என்று வைசன் கத்தினான். வாய் அடங்காத ஆள்.

"இனிமே இதுல யாரும் கழுவ வேண்டாம். களியைத் தொடாம எந்திரிச்சு வாளிகிட்ட வாங்க. நான் ஊத்துறேன்."

"வரிசையில நிக்கிறதுக்கு நாங்க என்ன ஸ்கூல் புள்ளைங்களா?"

"ஸ்கூல் புள்ளைங்க சொன்னாக் கேக்கும்."

பெண்கள் சிரித்தார்கள். ஜைலோசி சிரிக்கவில்லை. ஃபலேசியின் புருஷன் அவர். கொட்டகையில் மூத்தவர், பேசன் முதலில் அவரிடம்தான் போகும். கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"நாப்பது வருசம் கரும்பு வெட்டுன கை. இதுல பீ இருக்குன்னு சொல்றியா?"

"இருக்குய்யா."

அதே கையைச் சுட்டிக் கேட்டேன்.

"இத்தனை நாளா மகன் வாளியக் கொட்டுனது யாரு?"

"நான்தான். பெத்தவன் கொட்டாம?"

"அந்தக் கைய முதல்ல நனைச்சது நீங்க. ஃபலேசி அக்கா கடைசியா நனைச்சாங்க. பவுடர் போட்டாப் போதும்னு பேசனக் குடுத்தது நான். எனக்குத் தெரியலை. தப்பு என்னோடது."

"அப்போ ஒரு வாரமா எங்களுக்கு நோயத்தான் கொண்டாந்து குடுத்தியா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா."

வைசன் எழுந்துவிட்டான். "கம்வெண்டோ சார்கிட்டச் சொல்றேன். ஒன் வேலை போயிரும் பாரு."

"நானே போய்ச் சொல்றேன். இப்போ கைய நீட்டு."

நீட்டினான். சோப்பைக் கொடுத்தேன், தேய்த்தான், ஊற்றினேன். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். களி ஆறிக் கட்டியாகிவிட்டது. திட்டிக்கொண்டே தின்றார்கள். ஜைலோசி வரவில்லை. முதுகைக் காட்டிப் பட்டினியாக உட்கார்ந்திருந்தார்.

கம்வெண்டோவிடம் சொன்னேன். நெற்றியைத் தேய்த்தார்.

"அந்தப் பேசனை நானும் பாத்தேன். பவுடர் வாசனை வந்துச்சு, பேசாமப் போயிட்டேன். போய் ஊத்து, போ."

அன்று சாயங்காலம் குவளையை ஜைலோசி இருந்த இடத்துக்கே எடுத்துப் போனேன். என்னைப் பார்க்காமல் கையை நீட்டினார்.

"நகத்துக்குள்ளயும்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினார்.

நாளுக்கு இரண்டு வேளை, வேளைக்கு அறுபது பேர். குழாயைத் திறந்துவிட்டால் தண்ணீர் பத்தாது, குவளையில்தான் ஊற்றவேண்டும். கை பம்பிலிருந்து வாளியைச் சுமந்ததும் நான்தான். புதன் போனது. வியாழக்கிழமை ஃபலேசி எழுந்து உட்கார்ந்து களி கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்வெண்டோ வந்து தலைகளை எண்ணினார். ஒருவரும் விழவில்லை. மறுபடியும் ஒருமுறை எண்ணினார்.

"கொட்டகை இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வரிசை பாதிகூட முடியவில்லை. தோள் விட்டுப்போய் என் கையிலிருந்து குவளை நழுவியது. ஜைலோசி அதை எடுத்தார்.

"தள்ளு."

பெண்கள் தயங்கினார்கள். மூத்த ஆம்பளை பெண்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பக்கம் நடக்காத காரியம்.

"என்ன முழிக்கிறீங்க? நீட்டும்மா" என்று அதட்டி, முன்னால் நின்றவள் கையில் குவளைத் தண்ணீர் முழுவதையும் கொட்டினார்.

"ஐயா, பம்புலேருந்து சுமக்கிறது நானு. பாதி போதும். மொதல்ல சோப்பு தேச்சாளான்னு பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன், நீ வாய மூடு" என்றார். "அடுத்த ஆளு வா."