முப்பத்து மூன்றாவது சுற்று

விளையாட்டு மைதானத்தில் பாதியைப் புதுக் கட்டடம் விழுங்கிய பிறகு, மீதிப் பாதிக்கென்று தனியாக ஓர் ஆசிரியர் எதற்கு என்று மேலிடத்துக்குத் தோன்றிவிட்டது. உடற்பயிற்சி ஆசிரியருக்கு இரண்டு வழிகள் காட்டப்பட்டன. ஒன்று, பேருந்தில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் ஆகும் ஊரில் ஒரு பள்ளி. அங்கே மைதானம் முழுசாக இருந்தது. இன்னொன்று, இங்கேயே பத்தாம் வகுப்புக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுப்பது. இங்கே அதற்கு ஆள் இல்லை. ஒரு பருவம் எடுத்துப் பார்க்கட்டும், கல்வித்துறை இயக்குநர் நேரில் வந்து ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு இவர் இருக்கலாமா வேண்டாமா என்று சொல்லட்டும் என்றார் தலைமையாசிரியர். அப்படிச் சொல்லும்போதே இடமாற்ற உத்தரவு அவர் மேசையில் தேதி போடாமல் தயாராகக் கிடந்தது. எதையும் முன்கூட்டியே செய்து வைக்கும் மனிதர்.

மாணவர்கள் அவரை விசில் சார் என்றார்கள். கழுத்தில் தொங்கும் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. திருமணப் படத்தில்கூட மாலைக்குள் அது இருக்கிறது என்று ஒரு வதந்தி உண்டு. அது வதந்தி இல்லை.

கற்றுக்கொடுக்கும் முன் கற்றுக்கொள்ள வேண்டுமே. மைத்துனன் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, வெள்ளைத்தாளில் பெட்டி பெட்டியாக வரைந்து, பெட்டிகளுக்குள் அம்பு விட்டு, இரண்டு மணி நேரம் பேசினான். நடுவில் தன் நிறுவனத்துக்கு எத்தனை நாடுகளில் கிளை இருக்கிறது என்பதையும் பாடத்தோடு பாடமாகச் சொன்னான். விசில் சார் தலையாட்டிக்கொண்டே இருந்தார், ஒன்றும் ஏறவில்லை. அவர் மனைவி மருந்துக்கடை கவுண்டரில் நிற்பவள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"டேய், இந்த 'லூப்'னு சொல்றியே, திரும்பத் திரும்பச் செய்யுறதுதானே? நான் தினமும் நூறு பேருக்கு அதத்தான் சொல்லி அனுப்புறேன். ஒரு நாளைக்கு மூணு வேளை, அஞ்சு நாள், நடுவுல உடம்புல தடிப்பு வந்தா நிறுத்திடுங்க. எப்ப நிறுத்தணும்னு சொல்லாம நான் யாருக்கும் மருந்து குடுக்கறதில்ல."

மைத்துனன், அது அவ்வளவு எளிதல்ல அக்கா என்று இழுத்தான். அவ்வளவுதான், அதுதான் என்று விசில் சாருக்குப் புரிந்துவிட்டது. இருபது வருடமாக அவர் மைதானத்தில் கத்தியதும் அதுதானே. நான் சொல்லும் வரை ஓடு.

வகுப்பில் முப்பத்தாறு பேர். கம்ப்யூட்டர் ஒன்பது, அதில் வேலை செய்பவை நான்கு. ஆகவே மாணவர்களையே கம்ப்யூட்டர் ஆக்கினார். கரும்பலகையில் கட்டளைகளை எழுதுவார். ஒருவர் எழுந்து, எழுதியதை எழுதியபடியே செய்ய வேண்டும். சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, சொந்த மூளையை உபயோகிக்கவே கூடாது. "கதவு வரை நட" என்று எழுதிவிட்டு, நிறுத்தும் இடத்தைச் சரியாகச் சொல்லாத ஒரு பையனால் இன்னொரு பையன் கதவில் மோதி மூக்கு வீங்கினான். சட்டம் ஒன்றே ஒன்று. தப்பாக ஓடினால் ஓடுகிறவரைத் திட்டவோ பிடித்து நிறுத்தவோ கூடாது, எழுதியதைத் திருத்த வேண்டும். இதில் அவர் கறாராக இருந்தார். பிள்ளைகளுக்கு இந்தக் கறார் பிடித்திருந்தது. தம்மைத் திட்டக் கூடாது என்று சட்டம் போட்ட பெரிய மனிதரை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

இயக்குநர் மூன்றாவது பீரியடில் வருவதாக ஏற்பாடு. தலைமையாசிரியர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். வருகையாளர் வளாகத்தில் இருக்கும் வரை மணி அடிக்கப்படாது, அவருடைய உரை தடைபடக் கூடாது. விசில் சார் அதில் கையெழுத்துப் போட்டார். படித்தாரா என்றால், சுற்றறிக்கையைப் படித்துக் கையெழுத்துப் போடும் ஆசிரியர் இன்னும் பிறக்கவில்லை.

இரண்டாவது பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. ஒத்திகையாக இருக்கட்டும் என்று பலகையில் எழுதினார்.

எண்ணிக்கைப் பெட்டியில் பூஜ்யம் எழுது.
மணி அடிக்கும் வரை:
வகுப்பை ஒரு சுற்று சுற்றி வா.
பெட்டியில் இருக்கும் எண்ணை அழித்து, ஒன்று கூட்டி எழுது.
சுற்றுவது முடிந்ததும் உன் இடத்தில் உட்கார்.

கொக்கி எழுந்தாள். எந்த வாக்கியத்தையும் கேள்வியால் கொக்கி போட்டு இழுப்பவள் என்பதால் அந்தப் பெயர். நான்காவது சுற்றில் இருந்தபோது கதவு திறந்தது. ஒரு பீரியட் முன்னதாகவே இயக்குநர் வந்துவிட்டார். கருநீலக் கோட்டு, கையில் ஏழு பக்க உரை. பின்னால் கையைப் பிசைந்தபடி தலைமையாசிரியர்.

எல்லோரும் எழுந்து வணங்கி உட்கார்ந்தார்கள். கொக்கி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தாள். இயக்குநர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவனிக்க வந்தவர் அல்ல, கவனிக்கப்பட வந்தவர். நேராகப் பலகைக்கு முன்னால் போய் நின்று, எண்ணிக்கைப் பெட்டியை முதுகால் மறைத்து, நாளைய உலகம் இன்றைய இளைஞர்களின் விரல் நுனியில் என்று ஆரம்பித்தார்.

மணி அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று விசில் சாருக்கு மூன்றாவது பக்கத்தில்தான் உறைத்தது.

கொக்கி ஒவ்வொரு சுற்றிலும் வந்து, எக்கி, இயக்குநரின் தோளுக்கு மேலாகக் கையை நுழைத்து, டஸ்டரால் துடைத்து, எழுதிவிட்டுப் போனாள். ஒவ்வொரு துடைப்புக்கும் கருநீலத்தின் மேல் கொஞ்சம் வெள்ளை இறங்கியது. ஐந்தாவது பக்கத்தில் அவர் இட்லி மாவில் சாய்ந்து எழுந்தவர் போல இருந்தார். கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டு, என்னம்மா செய்கிறாய் என்று கேட்டார். கொக்கி அவரைக் கடந்து போனாள்.

"அவ பேச மாட்டா, ஐயா," என்றான் முதல் பெஞ்சுக்காரன், மிக மரியாதையாக. "பேசச் சொல்லி எழுதல."

தலைமையாசிரியர் கண்ணாலேயே விசில் சாரைக் கொளுத்தினார். நிறுத்துய்யா அவளை என்று உதடு மட்டும் அசைந்தது. விசிலைத் தொட்டால் போதும், வேலை முடிந்துவிடும். விசில் சாரின் கை அதுவரை போகவும் போனது. முப்பத்தைந்து ஜோடிக் கண்கள் அந்தக் கையையே பார்த்தன. காலை ஐந்து மணிப் பேருந்தில் ஜன்னலோரம் தலை சாய்ந்து தூங்கும் தன் உருவம் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. கையை இறக்கிக்கொண்டு இயக்குநரிடம் போனார்.

"ஐயா, தப்பு பொண்ணு மேல இல்ல. நான் எழுதினதுல இருக்கு. நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா திருத்திடுவேன்."

"உக்காருன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதேய்யா," என்றார் இயக்குநர்.

"சொன்னா உக்காந்துடும், ஐயா. நாளைக்கு இதுங்க எல்லாம் தப்பா எழுதிட்டு மெஷினைப் போட்டு அடிக்கும்."

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். இயக்குநர் ஓர் அடி நகர்ந்தார். பெட்டி இன்னும் மறைந்தே இருந்தது. இருபது, இருபத்தைந்து சுற்று ஆகியிருக்கும் என்று குத்துமதிப்பாக நினைத்து, "மணி அடிக்கும் வரை" என்பதற்குப் பக்கத்தில் "அல்லது எண்ணிக்கை முப்பது ஆகும் வரை" என்று விசில் சார் சேர்த்தார். வகுப்பில் ஒரு முனகல் எழுந்தது. இயக்குநர் திரும்பிப் பார்த்து, என்னவென்று அறிய இன்னும் இரண்டு அடி நகர்ந்தார். பெட்டியில் முப்பத்தொன்று இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொக்கி வந்து அதை முப்பத்திரண்டு ஆக்கிவிட்டு, அடுத்த சுற்றுக்குக் கிளம்பினாள்.

எதைத் திருத்துவது என்று விசில் சாருக்குத் தெரியவில்லை. சாக்பீஸைப் பிடித்த கை பலகைக்கும் தமக்கும் நடுவில் நின்றுவிட்டது. அப்போது பக்கத்தில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது.

"அது தாண்டிப் போயிடுச்சே," என்றார் இயக்குநர், தமக்குத்தாமே. "இனிமே முப்பது வரவே வராதேய்யா." உரைத்தாள்களைத் தலைமையாசிரியரின் கையில் திணித்தார், சாக்பீஸை வாங்கினார், முப்பதுக்குப் பின்னால் "அல்லது அதற்கு மேல்" என்று நெருக்கி எழுதினார். கொக்கி பின்பெஞ்சைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். பெட்டியில் முப்பத்து மூன்று எழுதினாள். வரிகளை மேலிருந்து ஒருமுறை படித்தாள். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

வகுப்பு கைதட்டியது. இயக்குநர் அது தமக்குத்தான் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் அவருக்கும்தான். உரையின் மீதி இரண்டு பக்கத்தை அவர் திருப்பிக் கேட்கவே இல்லை. முதல் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, முப்பதுக்குப் பதில் பூஜ்யத்துக்குக் கீழே போட்டிருந்தால் என்ன ஆகும் என்று பையன்களோடு வாதம் செய்தார். போகும்போது, அடுத்த வியாழனும் இந்த வகுப்பு உண்டா, இவர்தானே எடுப்பார் என்று கேட்டார்.

"இவரேதான், ஐயா, வேற யாரு," என்றார் தலைமையாசிரியர். தேதி போடாத உத்தரவு அந்த நேரத்தில் அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

விசில் சார் தண்ணீர்க் குழாய் அருகே போய் நின்று மனைவிக்குப் போன் செய்தார். கவுண்டரில் ஆள் நிற்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்றாள். சுருக்கமாகச் சொல்ல நினைத்து, கோட்டு, டஸ்டர், முப்பத்தொன்று என்று ஒன்றையும் விடாமல் சொன்னார்.  அப்படியானால் பஸ் பாஸ் எடுக்க வேண்டாமா என்று கேட்டாள்.  வேண்டாம் என்றார்.

"கடைசில திருத்தினது யாரு, நீங்களா?"

"இல்ல, அவரு."

"பரவாயில்ல," என்றாள். "இன்னும் ரெண்டு வகுப்பு உக்கார வெச்சா, நல்லா வந்துடுவாரு."