டீச்சரம்மாவின் தகரக் குவளை

"நம்ம தோட்டத்துல சாதி செத்து ரொம்பக் காலமாச்சும்மா!" என்று தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கம் முழங்கினார். மழையில் நனைந்துகொண்டே முழங்கினார். அவர் நின்றது தெரேசா டீச்சர் வீட்டு முற்றத்தில். இரண்டெட்டு வைத்தால் கூரை இருந்தது. ஆனால் கூரைக்குக் கீழே போனால் வீட்டுக்குள் போனதாகிவிடும்.

வாசலில் நின்ற டீச்சரின் பேத்தி பெற்றீசியா, "உள்ள வாங்க தலைவரே, நனையிறீங்க" என்றாள்.

"இருக்கட்டும். மலையில பொறந்தவன மழை என்னா செய்யும்?" என்று சொல்லிவிட்டுத் தலைவர் தும்மினார்.

டீச்சர் காலமாகி ஒரு மாதம். பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த அத்தனை பேரும் அவரிடம் காது திருகப்பட்டவர்கள். முத்துலிங்கத்தின் காது சற்று அதிகமாகவே திருகப்பட்டது. இடது காது இன்றும் கொஞ்சம் நீளம். இப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டில், புதிதாகக் கட்டிய வாசிகசாலைக்கு டீச்சரின் பெயரைச் சூட்டிப் படத்தையும் திறந்துவைக்க ஹட்டனிலிருந்து சங்கத்து மேலிடத்து ஐயா வரவிருந்தார். ஐயாவுக்குச் சாதி ஒழிப்பு பிடிக்கும். முத்துலிங்கத்துக்கு மாவட்டப் பிரதிநிதி பதவி பிடிக்கும். எல்லாம் கூடி வந்துவிட்டது. திறப்பதற்குப் படம்தான் இல்லை.

"செவத்துல மாட்டியிருக்கிற படத்தக் குடும்மா. பத்திரமா திருப்பித் தாறேன்."

"எடுத்துக்கிட்டுப் போங்க. டீ மட்டும் குடிச்சிட்டுப் போங்க."

"இப்பத்தாம்மா குடிச்சேன்."

அந்த வாசகத்துக்கு அந்த வீட்டில் நீண்ட வரலாறு உண்டு. டீச்சரின் அப்பா தோட்டத்தில் தப்படித்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, எல்லாச் சாதியாரையும் பாரபட்சம் பாராமல் எழுப்பிவிட்டவர். எழுந்தவர்கள் அவர் வீட்டுத் தண்ணீரை மட்டும் தொடவில்லை. மகள் படித்து டீச்சரானபின், அவர்களே பிள்ளைகளைக் கைபிடித்து அனுப்பினார்கள். இங்கிலீஷில் வந்த தந்தியை வாசித்துக்கொள்ள நடுச்சாமத்திலும் வந்தார்கள். ஆனால் டீயைக் கண்டதும் எல்லாருமே இப்போதுதான் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். கூப்பனுக்குச் சீனி அளந்த எழுபத்துநாலிலும் டீச்சர் டீ போடாமல் இருந்ததில்லை. சீனி போட்டதைக் கொட்ட மனம் வராமல் வந்தவர் பங்கையும் தானே குடித்தார். அவருக்கு நீரிழிவு வந்ததில் தோட்டத்துச் சாதிக் கட்டுப்பாட்டுக்கும் ஒரு பங்குண்டு.

பேத்தி விஷயத்தில் டீச்சரின் நேர்மையும் அப்படியொன்றும் பெரிதல்ல. பெற்றீசியாவின் அப்பாவும் அம்மாவும் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, "புள்ளய ஒரு மாசம் வச்சிருந்து அனுப்புறேன்" என்று வாங்கியவர் அனுப்பவேயில்லை. பேத்தியின் கணக்குகளைத் தானே போட்டுக் கொடுத்தார். மறுநாள் வகுப்பில் தானே திருத்தி, ஒருமுறை தனக்கே தவறும் போட்டுக்கொண்டார்.

"யாரும் குடிக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சும் ஏன் அம்மாச்சி டீ போடுற?" என்று பெற்றீசியா ஒருநாள் கேட்டதற்கு அவர் சொன்னார்: "என்னைக்காவது ஒருத்தன் மறந்துபோயிக் குடிச்சிருவான்டி."

இப்போது பெற்றீசியா டீயை நீட்டிக்கொண்டு நின்றாள். "பிள்ளைக்காம்பராவுல ஒங்க பேரன் தெனமும் என் கையாலதான் பால் குடிக்கிறான், தலைவரே." கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த இடத்தில் அவள்தான் ஆயா.

"பச்சப் புள்ளைக்கு ஏதும்மா சாதி?"

"அப்ப எப்ப வரும்? பல்லு மொளைக்கிறப்பவே வந்துருமா?"

முத்துலிங்கம் கிளாசைப் பார்த்தார். திரும்பி வேலியைப் பார்த்தார். அங்கே ஒரே குடைக்குள் நெருக்கிக்கொண்டு நின்ற இரண்டு கமிட்டிக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் குடித்திருப்பாரோ என்னவோ.

"டீச்சரம்மா எனக்குத் தாய் மாதிரி. டீ குடிச்சுத்தான் அத நிரூபிக்கணுமா?"

"தாய் வீட்டுல டீ குடிக்காத மகன் யாரு தலைவரே? குடிச்சா படம். இல்லாட்டி படம் செவத்துலயே இருக்கட்டும்."

தலைவர் நனைந்தபடியே போனார். பெற்றீசியா அந்த டீயைத் தானே குடித்தாள்.

வேறு படம் இல்லாமல் போகவில்லை. முத்துலிங்கத்தின் சொந்த வீட்டிலேயே இருந்தது: பழைய பரிசளிப்பு விழாப் படம். நடுவில் மாலையோடு முத்துலிங்கம், ஓரத்தில் டீச்சர். டீச்சரை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கச் சொல்லி ஹட்டன் ஸ்டூடியோவில் கொடுத்தார்.

"கையில என்னமோ வச்சிருக்காங்களே?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"அத எடுத்துருங்க."

"எடுத்தா கையும் போயிருமே."

முத்துலிங்கம் மனப்பாடம் செய்து வைத்திருந்த பேச்சு முழுவதும் தோட்டத்துக்கே எழுத்தறிவித்த அந்தக் கையைப் பற்றியது. கையைக் காப்பாற்றினார்.

திறப்பு விழாவன்று மேலிடத்து ஐயா திரையை விலக்கினார். டீச்சர் ஆளுயரத்துக்கு நின்றார், கையில் தகரக் குவளையோடு. நாற்பது வயது தாண்டிய எல்லாருக்கும் அந்தக் குவளை தெரியும். விழா நாளில் மற்ற ஆசிரியர்களுக்குப் பீங்கான் கோப்பையில் டீ வரும். தான் குடித்த கோப்பையை என்ன செய்வது என்று யாரும் தலையைச் சொறியவேண்டாமே என்று டீச்சர் வீட்டிலிருந்தே குவளை கொண்டுவந்துவிடுவார்.

முத்துலிங்கம் சமாளித்தார். "பாருங்க, இதான் எளிமையின் சின்னம்! கோப்பையே வேணாம்னு தகரக் குவளையில குடிச்ச மகராசி!"

"யாரு வேணாம்னது?" என்றாள் பின்வரிசையிலிருந்து ராக்காயிக் கிழவி. நாலைந்து பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் கூரையை ஆராய்ந்தார்கள்.

டீ வந்தது. தோட்டத்து மேற்பார்வை அதிகாரியான கண்டாக்கையாவின் பங்களாவில் இரவல் வாங்கிய கோப்பைகளை அடுக்கிய தட்டோடும் டீக் கேத்தலோடும், பரிமாற வந்த வேலாயி மேடையேறினாள். ஐயாவுக்குக் கொடுத்தாள், தலைவருக்குக் கொடுத்தாள், கமிட்டிக்காரர்களுக்குக் கொடுத்தாள். கடைசி நாற்காலியில், குடும்பத்தின் சார்பில், பெற்றீசியா. அவள் பையைத் திறந்து படத்திலிருந்த அதே குவளையை எடுத்து நீட்டினாள்.

"எனக்கு இதுல ஊத்துங்கக்கா. எங்க குடும்பத்துல எளிமை ஜாஸ்தி."

மேலிடத்து ஐயா கோப்பையை உதட்டருகே நிறுத்தி முத்துலிங்கத்தைப் பார்த்தார்.

"ஏ வேலாயி!" என்று தலைவர் அதட்டினார். "என்னா பழக்கம் இது? புள்ளைக்குக் கோப்பையில குடு!"

வேலாயி தட்டைப் பார்த்தாள். தட்டு காலி. மேடையில் இருந்த மற்ற எல்லாருக்கும் கோப்பை வாங்கி வந்திருந்தார்கள். பெற்றீசியாவுக்கு வாங்கவில்லை.